மெல்பர்ன் பப் பேண்டில் டிரம்ஸ் வாசித்தவர்கள் யாராவது இருக்கீங்களா?

குமரிக்காரன்:
நாகர்கோவிலில் சர்ச் குவையருக்கு டிரம்ஸ் வாசித்தவன் நான். இங்கே ஒரு பப் பேண்டில் கூப்பிட்டிருக்கிறார்கள், ஏசி/டிசி, கோல்டு சிசல் மாதிரி ஆஸ்திரேலிய ராக் பேண்டுகளின் பாட்டுதான் அதிகம். கேட்டால் சுலபமாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒத்திகை முழுக்க "ரோல் வேண்டாம், ரோல் வேண்டாம்", அதாவது வேகமாக உருட்டி அடிக்காதே என்றே சொல்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்.

தாளக்கட்டு:
தாராளமாகப் போங்க தம்பி. தொண்ணூறுகளில் மெல்பர்னில் ஃபிட்ஸ்ராய், காலிங்வுட் பக்கம் ஒரு பேண்டில் வாசித்தேன், வெள்ளிக்கிழமை வேலை முடிந்து நேராகப் பப்புக்குப் போய் ராத்திரி மூன்று செட், அதாவது இடைவேளை விட்டு மூன்று சுற்றுப் பாட்டு. ரோல் வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. பழைய பப் சுவர்களில் டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள், சத்தம் அதில் பட்டுத் திரும்பி வரும், ஸ்னேரில், அதாவது முன்னால் இருக்கும் சின்ன டிரம்மில், நாலு அடி கூடுதலாக விழுந்தால் பாடுகிறவரின் வரி அமுங்கிவிடும். நான் பலமாக ஒலிக்கும் கிராஷ் சிம்பல் தட்டை ஒன்றோடு நிறுத்தி, காலால் அடிக்கும் பேஸ் டிரம்முக்குள் பழைய போர்வையைத் திணித்து வைப்பேன்.

ஏசி/டிசியில் ஃபில் ரட் வாசிப்பதைக் கவனித்துக் கேளுங்க. 1975-ல் சேர்ந்த மெல்பர்ன்காரர். நாலு எண்ணிக்கைக்குள் ஹை-ஹாட் என்ற ஜோடித் தட்டில் எட்டு அடி, ஸ்னேர் இரண்டாவது, நாலாவது எண்ணிக்கையில், அவ்வளவுதானே என்று தோன்றும். அதையே வேகம் ஏறாமல் இறங்காமல் பாட்டு முடியும்வரை பிடித்துப் பாருங்க, எவ்வளவு பெரிய வேலை என்று தெரியும்.

முதல் செட்டில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். இரண்டாவது செட்டில் ஏதோ ஒரு பாட்டில் கூட்டம் பாரை விட்டு நம் பக்கம் திரும்பும் பாருங்க, அதற்காகவே அத்தனை வருஷம் டிரம் செட்டைத் தூக்கிச் சுமந்தேன். டிரம்ஸ் பின்னால் இருந்து என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் பேஸ் கிட்டார்காரரின் வலது தோள்தான். அது இறங்கினால் பாட்டு முடியப்போகிறது என்று அர்த்தம்.

யாரா_நதி:
டைல்ஸுக்கு ஒரு கதை உண்டு. மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் 1916 முதல் 1966 வரை பப்பை மாலை ஆறு மணிக்கே மூடிவிட வேண்டியிருந்தது. ஐந்து மணிக்கு வேலை விட்டு வருகிறவர்கள் ஒரு மணி நேரத்தில் முடிந்தமட்டும் குடித்துத் தள்ளுவார்கள், அப்புறம் கழுவிவிட டைல்ஸ்தான் வசதி. நேரத்தை நீட்டியதும் ராத்திரியில் கூட்டத்தைப் பிடித்துவைக்கப் பேண்டுகளைக் கூப்பிட்டார்கள், மிட்நைட் ஆயில், கோல்டு சிசல் எல்லாம் அந்த மேடைகளில் வளர்ந்தவர்கள்.

தொண்ணூறுகளில் போக்கி மெஷின் என்ற சூதாட்ட மெஷின் வந்து பல பப்களில் அந்த மேடை இருந்த இடத்தையே பிடித்துக்கொண்டது. எனக்கு இன்றைக்கும் அதில் ஆத்திரம்தான். 2010 ஜனவரியில் காலிங்வுட் டோட் பப்பை மூடியபோது, அடுத்த மாதமே ஆயிரக்கணக்கான பேர் நாடாளுமன்றம் வரை ஊர்வலம் போனோம். பிறகு திறந்துவிட்டார்கள். ஒரு தடவை போய்க் கேளுங்க, நல்ல அறை.

குமரிக்காரன்:
ரொம்ப நன்றி அண்ணா. டிரம் செட் முழுக்க நானே கொண்டுபோகணுமா?

தாளக்கட்டு:
கேட்டுக்கொள்ளுங்க. செட் அங்கேயே இருந்தாலும் ஸ்னேர், சிம்பல், பெடல் மூன்றும் உங்களுடையதாக இருக்கட்டும். கூடவே ஒரு கார்ப்பெட் துண்டு. அது இல்லாவிட்டால் பேஸ் டிரம் நகர்ந்து நகர்ந்து முன்னால் போய்விடும், பாதிப் பாட்டில் காலால் இழுத்துக்கொண்டிருக்க வேண்டிவரும். எந்தப் பப், என்றைக்கு என்று இங்கே போடுங்க, நான் வருகிறேன்.