வன்னியிலிருந்து கலை, விஞ்ஞானப் பட்டப்படிப்புக்குப் போகிற பிள்ளைகள் எங்கே தடக்குப்படுகிறார்கள்? தெரிந்தவர்கள் எழுதுங்கோ

ஒட்டுசுட்டான் சந்தி:
உயர்தரப் பெறுபேறு வந்தால் எல்லாரும் இசட் புள்ளியைத்தான் (பாடப் புள்ளிகளைத் தரப்படுத்தி எடுக்கிற, பல்கலைக்கழக அனுமதிக்கான புள்ளி) பார்க்கிறம். புள்ளி போதுமாக இருந்தும் விண்ணப்பத்தில் விட்ட பிழையால் இடம் இழக்கிற பிள்ளைகளும், இடம் கிடைத்து முதலாம் ஆண்டிலேயே பின்தங்குகிற பிள்ளைகளும் எங்கட பக்கத்தில் கனபேர். பொதுவான புத்திமதி வேண்டாம். எந்தக் கடதாசி, எத்தனை புள்ளி, எந்த இடத்தில் பிழைக்கும், ஏன் பிழைக்கும் என்று எழுதுங்கோ.

எது எங்கே இருக்கிறது என்பதில் இருந்தே குழப்பம் தொடங்குகிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் இருப்பவை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்பப் பீடங்கள். கலைப்பீடமும் விஞ்ஞானபீடமும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில். வவுனியா வளாகம் 2021 ஓகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகம். பிரயோக விஞ்ஞானம், வியாபாரக் கற்கைகள், தொழில்நுட்பக் கற்கைகள் என்று மூன்று பீடங்களோடு தொடங்கியது. அது இருக்கிற பம்பைமடுவில் சுற்றாடல் விஞ்ஞானம் படிக்கலாம், கலைமாணிக்கு அங்கே இடமில்லை. "கிட்ட இருக்கு" என்று நினைத்து விருப்பத்தெரிவு நிரப்ப முன்னம் இதைப் பாருங்கோ.

கனகராயன்:
அடிப்படைத் தகுதி: ஒரே தடவையில் மூன்று பாடங்களிலும் குறைந்தது எஸ் (சாதாரண சித்தி), பொதுச் சாதாரணப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளி. மூன்று பாடத்துக்கும் ஓடி ஓடி ரியூசனுக்குப் போய்விட்டு இந்தப் பரீட்சையைக் கைவிடாதையுங்கோ.

விஞ்ஞானப் படிப்புகளுக்கான இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் தரவரிசையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. மன்னார், வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி நான்கும் அந்த 16 இல் அடங்கும். கலைக்குரிய தெரிவு முறையைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அந்தந்த ஆண்டு அனுமதிக் கைநூலில் தனியாக வாசியுங்கோ, ஒன்றை வைத்து மற்றதை ஊகிக்க வேண்டாம்.

மாவட்டம் எது என்பதைத் தீர்மானிப்பது பிறந்த இடமோ அப்பாவின் ஊரோ அல்ல. பரீட்சைக்கு முந்திய மூன்று வருடமும் எங்கே படித்தார் என்பதைத்தான் பார்க்கிறார்கள். உயர்தரம் படிக்க யாழ்ப்பாணத்துக்கு மாறுகிற பிள்ளைக்கு நல்ல ஆசிரியர் கிடைக்கலாம், முல்லைத்தீவு மாவட்ட வெட்டுப்புள்ளி (இடம் கிடைக்கத் தேவையான ஆகக் குறைந்த இசட் புள்ளி) கைவிட்டுப் போகவும் கூடும். மாற முன்னமே கைநூலின் அந்தப் பகுதியை அதிபரோடு இருந்து வாசித்துவிட வேணும். பாடசாலை மாறியிருந்தால் ஒவ்வொரு விடுகைப் பத்திரத்திலும் சேர்ந்த திகதியும் விலகிய திகதியும் இடைவெளி இல்லாமல் பொருந்துகிறதா என்று பாருங்கோ. இடையில் நாலு மாதம் விடுபட்டிருந்தால் அதற்கு விளக்கம் கேட்பார்கள்.

இன்னொன்று எங்கட மண்ணுக்கே உரியது. 2006 க்கும் 2009 க்கும் இடையில் இடம்பெயர்ந்த நேரத்தில் பிறந்த பிள்ளைகள் பலருக்குப் பிறப்புப் பதிவு பிந்தியது, அல்லது பதிந்தவர் காதில் விழுந்தபடி பெயரை எழுதினார். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பரீட்சை அனுமதி அட்டை மூன்றிலும் பெயர் ஒரே எழுத்துக்கூட்டில் இருக்க வேணும். முதலெழுத்து முன்பின்னாக இருந்தாலும் அலைச்சல்தான். பிறப்புப் பதிவில் திருத்தம் செய்ய சத்தியக்கடதாசி, ஆதார ஆவணம், விதானையாரின் (கிராம அலுவலரின்) உறுதிப்படுத்தல், பிரதேச செயலகம் என்று மாதக்கணக்கில் இழுக்கும். பெறுபேறு வந்தபிறகு தொடங்கினால் விண்ணப்ப முடிவுத் திகதிக்குள் முடியாது. பதினோராம் வகுப்பிலேயே தொடங்குங்கோ.

மடு றோட்டு:
விருப்பத்தெரிவு ஒழுங்கைப் பற்றி. பாடநெறியையும் பல்கலைக்கழகத்தையும் சேர்த்து ஒரு குறியீடு இருக்கும், மூன்று இலக்கமும் ஓர் எழுத்தும். பட்டியலை மேலிருந்து கீழே பார்த்து, உங்கள் புள்ளி எட்டுகிற முதல் இடத்தில் கணினி நின்றுவிடும். அதற்குக் கீழே போட்டவை எல்லாம் அத்தோடு சரி. ஆகவே "இது கட்டாயம் கிடைக்கும்" என்று ஒன்றை முதலில் போட்டால் அதுதான் கிடைக்கும், அதைவிட விரும்பியது கிடைக்காது. போன வருட வெட்டுப்புள்ளியைப் பார்த்து மேலே உள்ளதை வெட்டி எறியவும் வேண்டாம். எட்டாத ஒன்றை மேலே வைப்பதால் கீழே உள்ளதற்கு ஒரு நட்டமும் இல்லை.

இரண்டாவது பிழை, ஐந்தாறு குறியீட்டோடு நிறுத்துவது. தகுதியுள்ளவை எல்லாவற்றையும், போக மனமிருந்தால், நிரப்புங்கோ.

பாலைநிழல்:
சங்கீதம், நடனம், சித்திரம் படிக்க ஆசைப்படுகிற பிள்ளைகளுக்கு ஒன்று. இவற்றுக்கு உளச்சார்புப் பரீட்சை உண்டு. அதற்குப் பல்கலைக்கழகத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேணும், ஆணைக்குழுவின் விண்ணப்பத்திலும் அந்தக் குறியீட்டைப் போட வேணும். ஒன்றைச் செய்து மற்றதை விட்டால் இரண்டும் வீண். அறிவித்தல் பத்திரிகையிலும் இணையத்திலும் வரும், பாடசாலைக்குக் கடிதம் வரும் என்று பார்த்திருக்க வேண்டாம்.

வீரைமரம்:
உள்ளே போனபிறகு நடப்பதைச் சொல்கிறேன். மூன்று வருடப் பட்டம் என்றால் 90 கிரெடிட், நான்கு வருடச் சிறப்புப் பட்டம் என்றால் 120. ஒரு கிரெடிட்டுக்கு 15 மணித்தியால விரிவுரை. ஏ என்றால் 4.0, பி என்றால் 3.0, சி என்றால் 2.0. சராசரி 3.70 இருந்தால் முதலாம் வகுப்பு, 3.30 இருந்தால் இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு, 3.00 இருந்தால் கீழ்ப்பிரிவு.

முதல் செமஸ்டரில் ஐந்து பாடம், ஒவ்வொன்றும் 3 கிரெடிட் என்று வையுங்கோ. பி, பி, பி மைனஸ், சி பிளஸ், சி எடுத்தால் 3.0 + 3.0 + 2.7 + 2.3 + 2.0 = 13.0, ஐந்தால் பிரிக்க 2.6. முதலாம் ஆண்டையும் சேர்த்துக் கணக்கிடும் பீடத்தில் 120 கிரெடிட் முடிவில் 3.30 வேணும் என்றால் மிச்சம் 105 கிரெடிட்டிலும் சராசரி 3.40 எடுக்க வேணும். முடியாததல்ல. ஆனால் முதல் செமஸ்டரை "பழகிற காலம்" என்று விட்டால் விலை இவ்வளவு.

திரும்ப எழுதினால் எவ்வளவு நல்லாகச் செய்தாலும் சி தான் உச்சம். இதைத் தெரியாமல் "பிறகு எழுதி ஏ எடுக்கலாம்" என்று பரீட்சையைத் தவிர்க்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். உண்மையாகவே வருத்தம் என்றால் மருத்துவச் சான்றிதழைக் குறித்த நாட்களுக்குள் கொடுத்து ஏற்கச் செய்ய வேணும். ஏற்றால் அடுத்த முறை முதல் தடவையாகவே கணக்கு, முழுத்தரமும் கிடைக்கும். டெங்கு வந்து வீட்டில் படுத்திருந்துவிட்டு மூன்று கிழமை கழித்துத் தனியார் டொக்டரின் துண்டோடு வந்தால் பெரும்பாலும் எடுபடாது. அரச ஆஸ்பத்திரியில் காட்டுங்கோ, அன்றே பீட அலுவலகத்துக்கு அறிவியுங்கோ.

வரவு 80 வீதம். 15 விரிவுரையில் 3 தான் விடலாம். கோயில் திருவிழா, கலியாணம், பஸ் தவறியது எல்லாம் இந்த மூன்றுக்குள் அடங்க வேணும்.

முறிப்புக்குளம்:
விஞ்ஞானபீடத்தில் எங்கட பிள்ளைகள் முதலில் தடுமாறுவது ஆய்வுகூடத்தில். கொள்கை தெரியும், கை பழகவில்லை. இரசாயனவியலில் நியமிப்பு (டைட்ரேஷன்) ஒன்றையே எடுங்கோ.

அளவியை (பியூரெட்) நிரப்பப்போகும் கரைசலாலேயே கழுவ வேணும், தண்ணீர் மிஞ்சினால் கரைசல் ஐதாகும். கூம்புக் குடுவையை நேர்மாறாக, காய்ச்சி வடித்த நீரால் மட்டும் கழுவ வேணும். உள்ளே போகும் கரைசலால் கழுவினால் மூல் எண்ணிக்கை கூடி, விடை கூடுதலாக வரும். பலர் இரண்டையும் ஒரே மாதிரிக் கழுவுவார்கள். குழாயியால் (பிப்பெட்) 25 மில்லிலீற்றர் விட்டபிறகு நுனியில் நிற்கும் கடைசித் துளியை ஊதித் தள்ளக்கூடாது. அந்தத் துளியைக் கழித்துத்தான் குழாயியில் அளவுக்கோடு போட்டிருக்கிறது. நுனியைக் குடுவையின் சுவரில் தொட்டு எடுத்தால் போதும். அளவியின் திருகுக்குக் கீழே காற்றுக்குமிழி நின்றால் முதல் வாசிப்பு பிழை. நிரப்பின புனலை எடுக்காமல் விட்டால் அதிலிருந்து சொட்டி வாசிப்பு மாறும். பிறையுருவின் (கரைசல் மட்டத்தின் வளைவு) அடியைக் கண்மட்டத்தில் வைத்து 0.05 மில்லிலீற்றர் வரை வாசியுங்கோ. ஒன்றுக்கொன்று 0.1 க்குள் அமையும் இரண்டு வாசிப்பாவது கிடைக்கும்வரை செய்ய வேணும், முதலாவது பரும்படி வாசிப்பைச் சராசரியில் சேர்க்கக்கூடாது.

பதிவுப் புத்தகத்தில் பேனாவால் எழுதுங்கோ. பிழைத்த வாசிப்பை ஒரு கோட்டால் வெட்டுங்கோ, அழிக்க வேண்டாம். அழித்த இடத்தைக் கண்டால் வாசிப்பையே நம்பமாட்டார்கள்.

மடு றோட்டு:
இவ்வளவையும் ஆங்கிலத்தில் செய்ய வேணும் என்பதையும் சேருங்கோ. விஞ்ஞானபீடத்தில் மொழி ஆங்கிலம். பிள்ளைக்குப் பாடம் தெரியாமல் இல்லை, சொல் தெரியவில்லை. பெறுபேறுக்கும் பல்கலைக்கழகம் தொடங்குவதற்கும் இடையில் மாதங்கள் கிடைக்கின்றன. ஒரு கொப்பியை நடுவில் பிரித்து இடப்பக்கம் உயர்தரத் தமிழ்ச் சொல், வலப்பக்கம் ஆங்கிலச் சொல் எழுதட்டும்: அளவி – பியூரெட், குழாயி – பிப்பெட், நியமிப்பு – டைட்ரேஷன், வகையிடல் – டிஃபரென்சியேஷன், ஒளித்தொகுப்பு – போட்டோசிந்தசிஸ். நாளுக்கு 10 சொல் என்றால் மூன்று மாதத்தில் 900. அதோடு வினாவின் ஏவற்சொற்களையும் படிக்க வேணும். "ஸ்டேட்" என்றால் ஒரு வரி, "எக்ஸ்பிளெய்ன்" என்றால் காரணத்தோடு, "டிஸ்கஸ்" என்றால் இரண்டு பக்கமும். ஒரு வரிக் கேள்விக்கு ஒரு பக்கம் எழுதி நேரம் போய்விட்டது என்று சொல்கிற பிள்ளைகளுக்கு இதுதான் பிரச்சினை.

கனகராயன்:
கலைப்பீடத்துக்கும் கொஞ்சம். தமிழில் எழுதலாம் என்பதால் சுலபம் என்று நினைக்கிறார்கள். உயர்தரத்தில் குறிப்பை மனனம் செய்து எழுதியது அங்கே பலிக்காது, எங்கிருந்து எடுத்தீர்கள் என்று ஒவ்வொரு பந்தியிலும் காட்ட வேணும்.

இறுதியாண்டு ஆய்வுக்கட்டுரைக்குத் தலைப்பைச் சிறிதாக எடுங்கோ. "வன்னியில் விவசாயம்" என்று கொண்டுபோனால் மேற்பார்வையாளர் திருப்பி அனுப்புவார். "இரணைமடு இடதுகரை வாய்க்காலின் கடைசிப் பகுதியில் சிறுபோக நீர்ப்பங்கீடு" என்றால் செய்யலாம். சிறுபோகத்தில் (குளத்து நீரை நம்பிச் செய்யும் வரட்சிக்காலப் பயிர்ச்செய்கை) எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் என்பதைக் குளத்து நீர்மட்டம் பார்த்துக் கூட்டத்தில்தான் தீர்மானிப்பார்கள். அந்தக் கூட்டத்தில் போய் இருந்தால் பாதி ஆய்வு கிடைத்தமாதிரி, தவறவிட்டால் அடுத்த வருடம்தான். நீர்ப்பாசனத் திணைக்களத்திலும் கமநல சேவை நிலையத்திலும் தரவு கேட்கத் துறைத்தலைவரின் கடிதம் வேணும், சும்மா போனால் தரமாட்டார்கள். களவேலையைக் கார்த்திகை, மார்கழிக்கு வைக்காதையுங்கோ, மழைக்குப் பாதை மூடும். ஒரு மணித்தியாலப் பேட்டியை எழுத்தாக்க ஐந்தாறு மணித்தியாலம் போகும். 20 பேட்டி திட்டமிட்டால் அதையும் கணக்கில் எடுங்கோ.

போரைப்பற்றிக் கேட்பதாயிருந்தால் பெயரை மாற்றி எழுதுவீர்கள் என்று முதலே சொல்லி, சம்மதம் வாங்கிக் கேளுங்கோ. அழுதால் ஒலிப்பதிவை நிறுத்துங்கோ. பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்பதானாலும் இதே ஒழுங்குதான்.

பாலைநிழல்:
காசு விசயம் ஒருவரும் எழுதவில்லை. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மகாபொல புலமைப்பரிசில் மாதம் 5,000 இலிருந்து 7,500 ரூபாவாகவும், உதவுதொகை 4,000 இலிருந்து 6,500 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டன. ஆனால் படிப்புத் தொடங்கிய மாதமே கைக்கு வராது. முதல் கொடுப்பனவு வரும்வரைக்கும் சாப்பாடு, போட்டோக்கொப்பி, பஸ் செலவுக்கு வீட்டில் ஒதுக்கி வையுங்கோ. வருமானச் சான்றிதழில் விதானையார் கையெழுத்து வைத்தபிறகு பிரதேச செயலாளரின் ஒப்பமும் முத்திரையும் வேணும் என்பதையும் மறக்காதையுங்கோ, முத்திரை தெளிவில்லை என்று திரும்பி வந்தவையும் உண்டு.