எட்டு, ஒன்பது, பத்து: துறைமுகக் கூண்டின் எண் காற்றின் அளவா?

வேதாரண்யத்தான்:
வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் வலுப்பெற்றுவரும் நேரத்தில், கடல்மகன் நேற்று இங்கே எழுதிய ஒரு வரி என்னை உறங்கவிடவில்லை. "பத்தாம் எண் கூண்டு ஏறட்டும், பிறகு முகாமுக்குப் போகலாம், எட்டும் ஒன்பதும் அதைவிடக் குறைந்த ஆபத்துதான்" என்கிறார். இது ஆளைக் கொல்லும் தவறு. எட்டு, ஒன்பது, பத்து ஆகிய மூன்றுமே தீவிரப் புயலால் துறைமுகத்துக்குப் பெரும் ஆபத்து என்றுதான் அறிவிக்கின்றன. புயலின் பாதைக்கு இடப்புறம் துறைமுகம் இருந்தால் எட்டு, வலப்புறம் இருந்தால் ஒன்பது, புயல் துறைமுகத்தின் மீதோ மிக அருகிலோ கடந்தால் பத்து. எண் ஏறுவதால் காற்று ஏறுவதில்லை.

கடல்மகன்:
முப்பது ஆண்டுகள் கடலில் தொழில் செய்தவனுக்குக் கூண்டைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டாம். ஒன்றாம் எண்ணுக்குப் பயந்து யாராவது வீட்டைப் பூட்டியதுண்டா? ஒன்றைவிட மூன்று பெரிது, மூன்றைவிட ஏழு பெரிது, ஒன்பதைவிடப் பத்து பெரிது. இது குழந்தைக்கும் தெரியும்.

வேதாரண்யத்தான்:
ஏழிலிருந்து எட்டுக்கு ஏறும்போது ஆபத்தின் தரம் மாறுகிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஐந்து, ஆறு, ஏழு ஒரு தொகுதி. எட்டு, ஒன்பது, பத்து அடுத்த தொகுதி. தொகுதிக்குள் மாறுவது திசை மட்டுமே. நம் கிழக்குக் கடற்கரையில் மேற்கு நோக்கி வரும் புயலுக்கு வலப்புறம் என்பது வடக்கு. அங்கேதான் காற்று கடலிலிருந்து கரையை நோக்கி அடித்து, தண்ணீரைத் தள்ளிக்கொண்டு ஊருக்குள் வருகிறது. ஆகவே ஒன்பது ஏறிய துறைமுகத்தில், பத்து ஏறவில்லையே என்று காத்திருப்பவரின் வீட்டுக்குள்தான் கடல் முதலில் நுழையும்.

கடல்மகன்:
இடம், வலம் என்பதிலேயே உங்களுக்குக் குழப்பம் இருக்கிறது. எட்டாம் எண்ணுக்குப் புயல் துறைமுகத்தின் இடப்பக்கமாகக் கடக்கும் என்று செய்தித்தாளில் போடுகிறார்கள். நீங்களோ துறைமுகம் புயலுக்கு இடப்பக்கம் என்கிறீர்கள். எது சரி?

வேதாரண்யத்தான்:
இரண்டும் ஒன்றேதான். துறைமுகத்தில் கடலைப் பார்த்து நில்லுங்கள். உங்கள் இடக்கை வடக்கைக் காட்டும். புயலோ உங்களுக்கு எதிர்முகமாக மேற்கு நோக்கி வருகிறது. அதன் இடக்கை தெற்கைக் காட்டும். புயல் உங்களுக்கு வடக்கே கடந்தால் அது உங்கள் இடப்பக்கம், நீங்கள் அதன் இடப்பக்கம். எண் ஏறுவதால் காற்று ஏறுவதில்லை என்பதை மறுபடியும் சொல்கிறேன்.

பட்டுக்கோட்டைத் தென்னை:
நீங்கள் இருவரும் கூண்டைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். எங்கள் தோப்புக்கு எந்தக் கூண்டு ஏறியது? 2018 நவம்பர் 16 அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா, உள்ளே வந்து பட்டுக்கோட்டை, பேராவூரணி, புதுக்கோட்டை வரை தென்னையைச் சாய்த்துவிட்டுப் போனது. கீழ்மட்டைகளையும் முற்றிய குலைகளையும் முன்கூட்டியே இறக்கிப் பாரத்தைக் குறையுங்கள் என்று கரையிலிருந்து தள்ளியிருந்த எங்கள் ஊர்ப்பக்கம் ஒருவரும் வந்து சொல்லவில்லை. என் தாத்தா வைத்த மரங்கள் ஒரே திசையில் தலைசாய்த்துக் கிடந்ததை இன்றும் மறக்க முடியவில்லை.

அடையாற்றங்கரை:
தென்னைக்காரர் சொல்வதே சரி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் ஆந்திரத்தின் பாபட்லா அருகேதான் கரை கடந்தது. ஆனால் அதற்கு முன்பே, 3, 4 தேதிகளில், சென்னை மூழ்கிவிட்டது. கூண்டு மழையைச் சொல்லாது.

கடல்மகன்:
வந்துவிட்டார் சென்னைக்காரர். சென்னையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றால் நாடே பேசும். ஒக்கி வந்த 2017இல் குமரி மீனவர்கள் நடுக்கடலில் செத்தபோது எத்தனை பேர் பேசினீர்கள்?

அடையாற்றங்கரை:
என் வீட்டுத் தரைத்தளத்தில் நின்றது முழங்கால் அளவு தண்ணீர் அன்று, கழுத்தளவு. துயரத்தை எடைபோட்டுப் பேசுவது உங்களுக்கு அழகல்ல.

வேதாரண்யத்தான்:
மழையைக் கூண்டு சொல்லாது என்பது உண்மை. அது கப்பலுக்கும் படகுக்கும் ஏற்பட்ட அடையாளம். பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பும் வெள்ளையுமாக விளக்கும் கம்பத்தில் ஏற்றுவது அதற்காகத்தான். ஆனால் ஒக்கியை இங்கே இழுத்து, கடல்மகன் தன் கூற்றிலிருந்து நழுவக் கூடாது. எண்தான் அளவு என்றால் பதினோராம் எண்ணுக்கு என்ன சொல்வார்? பத்தைவிடப் பெரிய காற்று என்பாரா? வானிலை எச்சரிக்கை மையத்துடன் தகவல் தொடர்பு அறுந்துவிட்டது என்பதுதான் அதன் பொருள்.

கடல்மகன்:
தொடர்பே அறுந்துபோவதைவிடப் பெரிய ஆபத்து எது? நான் சொன்னதைத்தான் நீங்களும் சொல்கிறீர்கள். அதுசரி, கஜா அடித்த இரவில் நீங்கள் ஊரில் இருந்தீர்களா? சிங்கப்பூரில் இருந்தீர்கள் என்றல்லவா கேள்வி.

வேதாரண்யத்தான்:
சிங்கப்பூரில் இருந்தவன் என் தம்பி. நான் அன்று ஃபைபர் படகை டிராக்டர் வைத்து மேட்டுக்கு இழுத்துக் கட்டிவிட்டு, எஞ்சினைக் கழற்றித் தார்ப்பாயில் சுற்றி வீட்டுக் கூடத்தில் வைத்திருந்தேன். நள்ளிரவுக்கு மேல் வடக்கிலிருந்து அடித்த காற்று பின்கட்டு ஓட்டை ஒவ்வொன்றாகப் பெயர்த்தது. பிறகு சட்டென்று எல்லாம் அடங்கி, கூடத்தில் அம்மா மூச்சு விடுவதுகூடக் கேட்டது. புயல் போய்விட்டது என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் மாட்டை அவிழ்க்க வெளியே வந்தார். அது புயலின் கண் என்று கத்தி, அவரைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினோம். சற்று நேரத்தில் தெற்கிலிருந்து திரும்பி அடித்த காற்றில் அந்தத் தொழுவமே இல்லாமல் போயிற்று. காற்றின் திசை என்ன செய்யும் என்பதை நான் அன்று கண்ணால் பார்த்தேன். எண்ணைப் பிடித்துக்கொண்டு திசையை மறக்காதீர்கள் என்று கெஞ்சுவது அதனால்தான்.

பட்டுக்கோட்டைத் தென்னை:
மட்டை கழிப்பது பற்றி நான் கேட்டதற்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

கடல்மகன்:
உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் என் அப்பா பத்தைப் பார்த்துத்தான் கிளம்பினார், நானும் பத்தைப் பார்த்துத்தான் கிளம்புவேன். ஒன்பதைவிடப் பத்து பெரிதுதான்.

வேதாரண்யத்தான்:
புயல் உங்கள் துறைமுகத்துக்குத் தெற்கே கடந்தால் அங்கே பத்து ஏறவே ஏறாது, ஒன்பதோடு நின்றுவிடும். அப்போது வீட்டில் இருக்கும் பிள்ளைகளை எதைப் பார்த்துக் கிளப்புவீர்கள்? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.