முடக்குவாதத்துக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் எடுப்பவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு முடக்குவாதம். ஹைட்ராக்சிகுளோரோகுயின் 200 மி.கி. தொடங்கி 7 வாரம் ஆகிறது, இன்னும் காலையில் விரலை மடக்க முடியவில்லை, இந்த மாத்திரை ஒன்றும் கேட்கவில்லை, நிறுத்திவிடுகிறேன் என்கிறார். மெதுவாகத்தான் வேலை செய்யும், 6 மாதம் கூட ஆகலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், ஆனால் ராத்திரி முழுக்க வலியில் கிடப்பவரிடம் பொறுத்துக்கொள் என்று எத்தனை தடவை சொல்வது? உங்களுக்கு எத்தனையாவது மாதத்தில் மாற்றம் தெரிந்தது?

அப்புறம் இன்னொன்று. மலேரியாவுக்கு வந்த மருந்து இது, லூபஸுக்கும் (உடம்பின் எதிர்ப்பு சக்தி உடம்பையே தாக்கும் ஒரு நோய்) கொடுக்கிறார்கள், இந்தியாவில் சர்க்கரை நோய்க்கும் எழுதுகிறார்கள். அம்மா ஏற்கெனவே இன்சுலின் போடுகிறார், சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. இரண்டையும் சேர்த்து எடுத்தவர்கள் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். இந்த மாத்திரை கண்ணைப் பாதிக்கலாம் என்பதால் விழித்திரைப் பரிசோதனை ஆரம்பத்திலேயே செய்துவிட்டோம்.