ஏலத்திலும் வணிகத்திலும் கூட்டுச் சேர்ந்து விலை வைத்ததைக் கண்டவர்கள் எழுதுங்கள்

பருத்தி விவசாயி, பேரையூர் வட்டம்:
சென்ற பங்குனியில் நடந்தது இன்னும் மனத்தை அரிக்கிறது. எட்டு குவிண்டால் பருத்தியை ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குக் கொண்டுபோயிருந்தேன். மறைமுக ஏலம். பெட்டியைத் திறந்து சீட்டுகளைப் பிரித்தபோது மேசையை ஒட்டி நின்றேன். என் லாட்டுக்கு ஐந்து வணிகர்கள் குவிண்டாலுக்கு ரூபாயில் எழுதியிருந்த விலைகள்: 6,212, 6,205, 6,203, 6,202, 6,201. ஐந்திலும் ஒரே பச்சை மை. ஐந்திலும் ஆறு என்ற எண்ணின் சுழி ஒரே மாதிரி உள்ளே மடங்கியிருந்தது. அடுத்த லாட்டில் முதலிடம் மட்டும் வேறொருவருக்கு மாறியது. விலை கட்டாவிட்டால் சரக்கைத் திருப்பி எடுத்துச் செல்லலாம்தான். வேன் வாடகையை நினைத்தும், மேற்கே மழை கறுத்திருந்ததைப் பார்த்தும் கையெழுத்துப் போட்டேன். கேட்டதற்கு அங்கிருந்த அலுவலர், "இதெல்லாம் டெல்லிச் சட்டம், மாநிலத்துக்கு அதிகாரம் கிடையாது" என்றார்.

மருந்து வணிகர், தல்லாகுளம்:
2011இல் ஒரு மருந்து நிறுவனத்தின் ஸ்டாக்கிஸ்ட் (மொத்த விநியோகஸ்தர்) ஆக விண்ணப்பித்தேன். வணிகர் சங்கத்தின் தடையில்லாச் சான்று இல்லை என்பதற்காக, நான் கொடுத்த வங்கி வரைவோலையை அந்நிறுவனத்தின் பிரதிநிதி என் மேசை மீதே திருப்பி வைத்தார். அப்படிச் சான்று கேட்பது போட்டிக்கு எதிரானது என்று சந்தைப் போட்டியைக் கண்காணிக்கும் இந்தியப் போட்டி ஆணையம் 2013இல் தீர்ப்பளித்ததை மிகவும் தாமதமாகத்தான் அறிந்தேன். சட்டம் இருந்து என்ன பயன்?

வழக்கறிஞர், அண்ணா நகர்:
நான் வீடு கட்டியபோது மூன்று குவாரிகளில் ஒரே நாளில் எம்-சாண்ட் விலை ஒரே தொகைக்கு ஏறியது; என் அனுபவம் அவ்வளவே. ஆனால் முதலில் எழுதிய ஐயாவிடம் அந்த அலுவலர் சொன்னது தவறு என்பதைப் பதிவு செய்தாக வேண்டும். வணிக, தொழில் ஏகபோகங்கள் அரசியலமைப்பின் பொதுப்பட்டியலில் 21ஆவது இனமாக உள்ளன. ஆகவே மாநிலமும் சட்டம் இயற்றலாம். மத்தியச் சட்டத்தோடு முரண்பட்டால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். அமெரிக்காவில் ஏகபோகத்துக்கு எதிரான மத்திய அரசின் 1890ஆம் ஆண்டு ஷெர்மன் சட்டத்துக்கு முந்தைய ஆண்டே கன்சாஸ் மாநிலம் இத்தகைய சட்டத்தைக் கொண்டுவந்துவிட்டது. இன்றும் அங்கே மாநிலத் தலைமை வழக்கறிஞர்களே நேரடியாக வழக்குத் தொடுக்கிறார்கள். நமக்கு அப்படி ஒரு கை மாநிலத்துக்குள் இல்லாததுதான் குறை. விற்பனைக்கூட வணிகர்கள் உரிமம் பெறுவது 1987ஆம் ஆண்டின் மாநிலச் சட்டத்தின் கீழ்தான். கூட்டுச் சேர்ந்து விலை எழுதினால் அந்த உரிமம் பறிபோகும் என்ற அச்சத்தை அரசு அங்கேயே உண்டாக்க வேண்டும்.

மருந்து வணிகரே, சட்டத்தால் பயனில்லை என்பதை ஏற்கமாட்டேன். 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 3ஆவது பிரிவு ஏலக் கூட்டுச் சதியைப் பெயர் சொல்லியே தடுக்கிறது. தனிநபர் ஆணையத்தில் தகவல் அளிக்கக் கட்டணம் 5,000 ரூபாய். தகவல் தருபவரின் பெயரை இரகசியமாக வைக்கக் கோரலாம். 2023 திருத்தத்தின்படி, சம்பவம் நடந்த மூன்று ஆண்டுகளுக்குள் தகவலை அளிக்க வேண்டும். மாநில அரசே ஆணையத்துக்கு விவகாரத்தை அனுப்ப 19ஆவது பிரிவில் வழி இருக்கிறது. விவசாயி ஐயா, ஏலச் சீட்டுகளைப் படம் எடுத்திருக்கிறீர்களா? உங்களுக்குப் பின் விற்றவர்களின் லாட் எண்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பருத்தி விவசாயி, பேரையூர் வட்டம்:
படம் எடுக்கவில்லை, வழக்கறிஞர் ஐயா. அன்று என்னோடு விற்ற இருவர் எங்கள் ஊர்க்காரர்கள்; அவர்களின் ரசீதுகள் கிடைத்துவிட்டன. தங்கள் பெயரை ஆணையம் வெளியே சொல்லாது என்று உறுதி கிடைத்தால்தான் கையெழுத்திடுவோம் என்கிறார்கள். அதற்கு என்ன எழுத வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.