லத்தீன் சப்ஜங்க்டிவ் (விருப்பம், அச்சம், கற்பனை போன்றவற்றுக்கு வரும் வினைவடிவம்): மனசில் சிக்கிக்கொண்ட ஓர் இடம் சொல்லுங்கள்

கோடைமழை

ஜெர்மனியில் ‘லாட்டினும்’ என்ற லத்தீன் தகுதித் தேர்வு எழுதியவர்களுக்கு முன்கதை வேண்டாம். வாய்மொழித் தேர்வு. கையில் கொடுத்த தாளில் ரோமானியப் பேச்சாளர் சிசரோ, கொலைக் குற்றம் சாட்டப்பட்ட மிலோவுக்காக எழுதிய வாதத்தின் முதல் வரி: ‘எட்சி வெரேயோர், யூடிட்சேஸ், நே டூர்ப்பே சிட்...’ இப்படி ஒரு வீரனுக்காகப் பேச எழுந்துவிட்டு நானே நடுங்கினால் கேவலமாகிவிடுமோ என்று அஞ்சுகிறேன் என்று போகும். மொழிபெயர்த்தேன். தேர்வாளர் பேனாவால் ‘நே’யைத் தட்டினார். “இது எதிர்மறைச் சொல். உங்கள் வாக்கியத்தில் அது எங்கே?”

விதியைச் சொன்னேன். அஞ்சும் வினைக்குப் பின் சப்ஜங்க்டிவோடு (இங்கே ‘சிட்’) நே வந்தால் ‘நடந்துவிடுமோ’, ஊட் வந்தால் ‘நடக்காதோ’. அவர் விடவில்லை. “சரி, ஏன் அப்படி?”

அப்போது காதில் விழுந்தது மொட்டை மாடியில் வற்றல் காயப்போட்டு வானத்தைப் பார்க்கும் அப்பத்தாவின் குரல்: “மழை கிழை வந்துடக் கூடாதேன்னு பயமா இருக்கு.” பயம் மழை வருவதைப் பற்றித்தான், ஆனால் வாய் சொல்வது ‘கூடாதே’. அதே நே! ‘பயமாயிருக்கிறது’ ஒன்று, ‘வராமல் இருக்கட்டும்’ இன்னொன்று; தனித்தனியாக இருந்த இரண்டும் ஒட்டிக்கொண்டன என்றுதான் லத்தீன் இலக்கண நூல்களும் விளக்குகின்றன. “பஸ் வரணுமேன்னு கவலையா இருக்கு” என்றால் வராதோ என்ற பயம். அது ஊட். இதை ஜெர்மனில் கோத்துச் சொல்வதற்குள் அவர் ‘குட்’ என்று அடுத்த வரிக்குத் தாவிவிட்டார். தேறினேன். ஆனாலும் அந்த அறையில் அப்பத்தாவைப் பேச விடவில்லையே என்று இன்னும் அரிக்கிறது.

பழைய_பூசைப்பையன்

நாங்கள் பூசைக்கு உதவிய காலத்தில் எல்லாம் லத்தீன். அர்த்தம் தெரியாது, இடம் தெரியும். மணி அடிப்போம், ஆமென் சொல்வோம். தாத்தாவின் அடக்கப் பூசை. குருவானவர் கறுப்பு உடையில், கடைசியில் “ரெக்வியெஸ்கான்ட் இன் பாச்சே” (அமைதியில் இளைப்பாறுவார்களாக) என்றார். கல்லறைகளில் நான் பார்த்ததெல்லாம் ‘ரெக்வியெஸ்காட்’. ‘ன்’ வந்தால் பன்மை என்ற அளவுக்கு அதற்குள் கற்றிருந்தேன். பீடத்துக்கு முன்னால் ஒரு பெட்டிதான் இருந்தது. செத்த இன்னொருவர் யார் என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், ஆமென் சொல்லப் பிந்தியது, உபதேசியார் முறைத்தார்.

அந்தப் பூசை முடிவில் எப்போதுமே பன்மைதான், இறந்த எல்லாருக்குமாகச் சொல்வது என்று பிறகு குருமடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். உபதேசியார் அன்றே சொல்லியிருக்கலாம்.

மற்றபடி இதற்கு ஏன் இவ்வளவு பயம் தம்பிகளே? சப்ஜங்க்டிவ் என்பது நம் வியங்கோள். பரலோக மந்திரத்தில் ‘சாங்க்டிஃபிச்சேத்துர்’ என்றால் அர்ச்சிக்கப்படுவதாக. ‘அத்வேனியாத்’ என்றால் வருக. முடிந்தது.

எழுத்தாணி

முடியவில்லை ஐயா. தொல்காப்பியர் வியங்கோள் தன்மைக்கும் முன்னிலைக்கும் வராது என்கிறார். பூசையில் நீங்கள் கேட்ட ‘ஓரேமுஸ்’, அதாவது நாம் ஜெபிப்போம், தன்மைப் பன்மை, ஆனாலும் சப்ஜங்க்டிவ்தான். நன்னூலார் ‘இயலும் இடம்பால் எங்கும்’, எல்லா இடத்திலும் பாலிலும் வரும் என்று கதவைத் திறந்துவிட்டார், அது வேறு. என் சிக்கல் அதுவுமில்லை. சீசரின் கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) நாட்டுப் போர்க் குறிப்புகள், முதல் புத்தகம், ஏழாம் பகுதி: ஹெல்வேத்தியர்கள் (இன்றைய சுவிட்சர்லாந்துப் பகுதி மக்கள்) ரோமானிய மாகாணம் வழியாகப் போகப் பார்க்கிறார்கள் என்று செய்தி வந்ததும் சீசர் ரோமிலிருந்து விரைகிறார். ‘கும்... நுன்ட்சியாட்டும் எஸ்ஸெட்’, ‘செய்தி சொல்லப்பட்டபோது’. எஸ்ஸெட் சப்ஜங்க்டிவ். செய்தி வந்தது, நடந்து முடிந்த விஷயம். இதில் யார் யாரை வாழ்த்துகிறார்கள்? எந்த வியங்கோள்? வாசிப்புக் குழுவில் இந்தக் கேள்வியைப் போட்டேன். ஒருவர் ‘கும் வந்தால் அப்படித்தான்’ என்றார். இன்னொருவர் கட்டைவிரல் போட்டார். அந்தக் கட்டைவிரலை இன்னும் மறக்கவில்லை.

கறுப்புக்கோட்டு

சின்னதாக ஒன்று. கேவியட் மனு போட வந்த பெரியவர், நிலத் தகராறு. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 148 ஏ, 90 நாள் செல்லும், எதிர்த்தரப்பு தடை கேட்டுப் போனால் நமக்குத் தகவல் வரும், எல்லாம் சொன்னேன். “கேவியட்டுன்னா என்னங்க?” “அவர் எச்சரிக்கையாக இருக்கட்டும்.” பெரியவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “யாரு, ஜட்ஜா?” என்றார். குமாஸ்தா சிரித்துவிட்டார். சிரிக்க ஒன்றுமில்லை, படர்க்கை ஒருமையில் அப்படி நின்றால் யாரை வேண்டுமானாலும் சொல்லலாமே! வாசலில் அவர் திரும்ப ஒருமுறை “ஜட்ஜுதானே?” என்றார். நான் ஆமாம் என்றுதான் சொன்னேன்.

எழுத்தாணிக்கு: ஆட்கொணர்வு மனுவின் ‘ஹேபியஸ்’ முன்னிலையில் வரும் சப்ஜங்க்டிவ். பழைய ரிட்டில் (நீதிமன்றக் கட்டளையில்) சிறைக்காவலரைப் பார்த்து ‘இன்னாரை எம்முன் கொண்டுவருவாயாக’ என்ற கட்டளைக்குள் வருவது. இன்னொரு ரிட்டான ‘மாண்டமஸ்’ மட்டும் சாதாரண வினை, கட்டளையிடுகிறோம், அவ்வளவே.

வாய்மூடி

கருத்தரங்கில் ஒரு கேள்வி கேட்டேன். (கேள்வி சரியானது என்று இன்றும் சொல்வேன்.) மேடையிலிருந்த பேராசிரியர் புன்னகையோடு, “சி தாக்குயிஸ்ஸேஸ், ஃபிலோசோஃபுஸ் மான்சிஸ்ஸேஸ்.” நீ பேசாமல் இருந்திருந்தால் தத்துவஞானியாகவே இருந்திருப்பாய். அரங்கம் சிரித்தது. எனக்கோ, அட, இரண்டு பக்கமும் ப்ளூபர்ஃபெக்ட் (இறந்தகாலத்துக்கும் முந்தைய காலம்) சப்ஜங்க்டிவ், பாடப்புத்தகம் மாதிரி வந்து விழுகிறதே என்றுதான் முதலில் ஓடியது. கோபம் ரயிலில்தான் வந்தது.

அப்பா_சூரிச்

மகளின் பாடத்தை அவளோடு சேர்ந்து படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அட்டவணையை மனப்பாடம் செய்யாதீர்கள். இம்பர்ஃபெக்ட் (தொடர் இறந்தகாலம்) என்றால் வினையின் மூலவடிவத்தை அப்படியே எடுத்து விகுதியை ஒட்டுங்கள்: அமாரே (நேசிக்க), அமாரெம். முரண்டு பிடிக்கும் வினைகள்கூட இங்கே அடங்கிவிடும்: எஸ்ஸே, எஸ்ஸெம், ஃபெர்ரே, ஃபெர்ரெம், வெல்லே, வெல்லெம். ப்ளூபர்ஃபெக்டும் இதே வழிதான், இறந்தகால மூலவடிவத்தில் ஒட்ட வேண்டும்: அமாவிஸ்ஸே, அமாவிஸ்ஸெம். நிகழ்காலத்தில்தான் உயிரெழுத்து மாறும். முதல் வகுப்பு வினையில் ஆ போய் ஏ வரும், அமத் என்பது அமெத் ஆகும். மற்ற மூன்று வகுப்புகளிலும் ஆ வந்து உட்காரும். பொறி எங்கே என்றால், மூன்றாம் வகுப்பில் ‘ரெகம்’ (ஆள்வேன்) எதிர்காலமும் அதுவே, சப்ஜங்க்டிவும் அதுவே. அடுத்த வடிவத்துக்குப் போனால் பிரிந்துவிடும்: ரெகேஸ் எதிர்காலம், ரெகாஸ் சப்ஜங்க்டிவ். எதிர்கால சப்ஜங்க்டிவ் என்று தனியாக ஒன்று கிடையாது, தேடாதீர்கள். தினமும் காலையில் ஒரு வினை. காபிக்கு முன்னால்.

கோடைமழை

ஐயா, நான் தேறி ரொம்ப நாளாச்சு.

அப்பா_சூரிச்

பின்னால் வருகிறவர்களுக்கு உதவும் என்று போட்டேன்.

பழைய_பூசைப்பையன்

எழுத்தாணி, ‘ஓரேமுஸ்’ தமிழ்ப் பூசையில் ‘மன்றாடுவோமாக’. தன்மைப் பன்மை, வாரம் தவறாமல் கோயில் கோயிலாகச் சொல்கிறார்கள். தொல்காப்பியர் பூசைக்கு வந்ததில்லை போலிருக்கிறது.

எழுத்தாணி

ஓரேமுஸை வைத்துக்கொள்ளுங்கள், தந்துவிட்டேன். நுன்ட்சியாட்டும் எஸ்ஸெட்டுக்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை. கட்டைவிரல் வேண்டாம்.