வியட்நாம் நெல்லா, தாய்லாந்து நெல்லா: எதில் மீத்தேன் அதிகம்?

பிடோக்_பெரியசாமி:
"வியட்நாம் அரிசியை வாங்காதீர்கள், அங்கே மூன்று போகம் விளைகிறது, புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு பொங்குகிறது, தாய்லாந்து அரிசிதான் தூயது" என்று நேற்று இங்கே ஒரு மேதாவி எழுதியிருக்கிறார். பேரங்காடியில் அரிசி மூட்டையைப் பார்த்ததைத் தவிர அவருக்கு நெல்லோடு என்ன உறவோ! நான் திருவாரூர்ப் பக்கம் சேற்றில் இறங்கி நாற்று நட்டவன். தாய்லாந்தில் ஹெக்டேருக்குச் சுமார் 3 டன் நெல், வியட்நாமில் சுமார் 6 டன். ஒரு கிலோவுக்கு எவ்வளவு வாயு என்று பார்க்காமல் என்ன தீர்ப்பு?

ஈசூன்_இளங்கோ:
அந்த மேதாவி நான்தான், ஐயா. பெயர் சொல்லியே திட்டலாம். நீர் தேங்கிய மண்ணில் உயிர்வளி புகாது; மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் பெருகும்; வாயு பயிரின் தண்டு வழியாகவே வெளியேறும். நீர் நிற்கும் நாள் கூடினால் வாயுவும் கூடும். தாய்லாந்தின் வடகிழக்கில் பெரும்பாலும் மானாவாரி, ஒரு போகம். வியட்நாமின் மீகாங் கழிமுகத்தில் மூன்று போகம் உண்டா, இல்லையா?

பிடோக்_பெரியசாமி:
மானாவாரி என்றால் வயல் காய்ந்தே கிடக்கும் என்று எண்ணம் போலும். மழைக்காலத்தில் அங்கும் முழங்கால் நீர்தான். தாய்லாந்தின் நெல் பரப்பு ஏறத்தாழ 1 கோடி ஹெக்டேர். வியட்நாமில் எல்லாப் போகத்தையும் கூட்டினாலும் 70 லட்சத்தை ஒட்டித்தான் வரும். மேலும், கழிமுகத்தில் 10 லட்சம் ஹெக்டேரில் குறைந்த உமிழ்வு நெல் பயிரிடும் திட்டத்துக்கு 2023 நவம்பரில் வியட்நாம் ஒப்புதல் அளித்தது, இலக்கு 2030. எல்லாம் நம் காய்ச்சலும் பாய்ச்சலும்தான். துளையிட்ட குழாயை வயலில் ஊன்றி, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பிறகே மறுபடி பாய்ச்ச வேண்டும். மீத்தேன் 30 விழுக்காடோ அதற்கு மேலோ குறையும்.

ஈசூன்_இளங்கோ:
திட்டம் காகிதத்தில், நீர் வயலில். தாய்லாந்தும் 2018 முதல் மத்தியச் சமவெளியின் ஆறு மாநிலங்களில் ஜெர்மனி உதவியோடு இதையே செய்தது. என் கேள்வி அப்படியே நிற்கிறது: மூன்று போகம் உண்டா, இல்லையா?

புங்கோல்_வாசகி:
இரண்டையும் "அண்டை நாடுகள்" என்று நேற்று எழுதியது யார்? நடுவில் லாவோசும் கம்போடியாவும் இருக்கின்றனவே!

பிடோக்_பெரியசாமி:
வந்துவிட்டார் புவியியல் ஆசிரியை. பொங்கல் விழாச் சண்டையிலும் இப்படித்தான், பேச்சு சூடுபிடிக்கும்போது எழுத்துப்பிழை திருத்த வந்தார்.

புங்கோல்_வாசகி:
பிழை இருந்தது, திருத்தினேன். இன்னும் ஆறவில்லையா?

தேக்கா_மளிகை:
அண்ணன்மார்களே, உங்கள் இருவர் வீட்டிலும் வேகுவது பொன்னி. இந்தியாவின் நெல் பரப்பு 4 கோடி ஹெக்டேருக்கு மேல். 2021இல் கிளாஸ்கோவில் அறிவித்த மீத்தேன் குறைப்பு உறுதிமொழியில் சிங்கப்பூர் சேர்ந்தது, வியட்நாம் சேர்ந்தது, இந்தியா சேரவில்லை. அதைப் பேச ஆளில்லை.

பிடோக்_பெரியசாமி:
வியட்நாம் சேர்ந்தது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், நன்றி. மற்றபடி இந்தியாவை இங்கே இழுக்காதீர்கள். கடைக்காரருக்கு எந்த மூட்டை தேங்கியிருக்கிறதோ அந்த நாடு நல்ல நாடு!

தேக்கா_மளிகை:
கடனுக்கு மூட்டை கேட்டபோது இந்த வாய் எங்கே போயிருந்தது?

ஈசூன்_இளங்கோ:
கையெழுத்துப் போட்டால் வயல் வடிந்துவிடாது. மூன்று போகம்?

பிடோக்_பெரியசாமி:
கழிமுகத்திலும் எல்லா வயலிலும் மூன்று போகம் இல்லை. உயரமான கரை கட்டி வெள்ளத்தைத் தடுத்த பகுதிகளில்தான். வட வியட்நாமின் செந்நதிச் சமவெளியில் இரண்டே போகம். போதுமா?

ஈசூன்_இளங்கோ:
ஆக, உண்டு.

பிடோக்_பெரியசாமி:
"ஆக" என்று எழுதினால் வாதம் முடிந்துவிடுமா, தம்பி? வைக்கோலுக்கே இன்னும் வரவில்லை. அதை மடக்கி உழுது உடனே நீர் கட்டினால் மீத்தேன் எகிறும். இரவு வேலை முடிந்து வந்து விரிவாக எழுதுகிறேன்.

புங்கோல்_வாசகி:
விரிவாக வேண்டாம், ஐயா.