கொரோனா ஊரடங்குக்கு முன்னும் பின்னும் எடை: பருமனான பிள்ளைகளிடம் எதைப் பார்க்கணும்?

பி.டி.மாஸ்டர்:
2020 பிப்ரவரியில் நான்காம் வகுப்புப் பையன் 135 செ.மீ., 42 கிலோ. 2021 நவம்பரில் பள்ளி திறந்து அளந்தால் 145 செ.மீ., 56 கிலோ. 14 கிலோவும் ஊரடங்கில் ஏறிய சதையா, வளர்த்தியும் இதில் சேர்த்தியா? இனி தானா இறங்கிடுமா?

கணக்குப்புலி:
வளர்த்தியைக் கழிங்க. அப்போது பி.எம்.ஐ. (கிலோ எடையை மீட்டர் உயரத்தால் இருமுறை வகுத்த எண்) 23. அதே 23-இல் 145 செ.மீ. வளர்ந்திருந்தால் சுமார் 48 கிலோ வரும். இப்போது 26.6. வயதோடு பி.எம்.ஐ. கொஞ்சம் ஏறும்தான், ஆனாலும் ஆறேழு கிலோ உபரி. உயரத்தை ஷூ கழற்றி அளந்தீங்களா? 1 செ.மீ. பிசகினால் பி.எம்.ஐ. கிட்டத்தட்ட 0.4 மாறும்.

அமெரிக்கப் பதிவுகளிலும் இதே போக்கு. சரியான எடையுள்ள பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு 1.5 கிலோ ஏறியது கொரோனா காலத்தில் 2.5 ஆனது, கடும் பருமன் உள்ளவர்களுக்கு 4 கிலோ 6.6 ஆனது. ஏற்கெனவே குண்டாக இருந்தவர்களுக்குத்தான் அடி அதிகம்.

தானா இறங்குமா? இங்கிலாந்தில் ஆரம்ப வகுப்புப் (4-5 வயது) பருமன் 9.9-லிருந்து 14.4 சதவீதம் போய், மறு ஆண்டே 10.1-க்குத் திரும்பியது. 10-11 வயதில் 21-லிருந்து 25.5 போனது மறு ஆண்டு 23.4 வரைதான் இறங்கியது. உங்கள் பையன் இந்த இரண்டாவது கூட்டம்.

குழந்தைநல_டாக்டர்:
தராசு காட்டாததைப் பாருங்க. பின்கழுத்தில் வெல்வெட் மாதிரிக் கருமை இருந்தால், அழுக்கென்று அம்மாக்கள் பீர்க்கங்காய் நாரால் தேய்ப்பாங்க, போகாது. அது இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதியைத் தாண்டுதா? குறட்டை, பகல் தூக்கம்?

ரத்தத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை, ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் சதவீதம்), ஈரலுக்கு ஏ.எல்.டி. என்ற நொதி, கொழுப்பு எல்லாம் பார்க்கணும். ஹெச்பிஏ1சி 5.7–6.4 எல்லைக்கோடு, 6.5 தொட்டால் சர்க்கரை நோய்தானா என்று மறுபடி பார்த்து உறுதி செய்யணும். இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளைக்கு அந்த எண் பொய்யாகக் கூடும். ஹீமோகுளோபினையும் சேர்த்து எழுதுங்க. பி.பி.க்குச் சின்னப் பட்டை கட்டினால் அழுத்தம் அதிகமாகக் காட்டும், பெருத்த கைக்குப் பெரிய பட்டை.

முழங்கால் வலி, நொண்டல் என்றால் இடுப்பு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்க. தொடை எலும்புத் தலை நழுவியிருக்கலாம். அதுவரை அவனை நடக்கவே விடாதீங்க.

பி.டி.மாஸ்டர்:
கிரவுண்டில் எப்படி ஆரம்பிக்க?

குழந்தைநல_டாக்டர்:
ரவுண்டு ஓட விடாதீங்க. ஒன்றரை வருஷம் உட்கார்ந்த உடம்பு, முட்டிதான் முதலில் கெடும். முதல் இரண்டு வாரம் 15 நிமிட நடை, பந்து எறிதல். வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டி 60-க்குக் கொண்டு வாங்க. வீட்டில் கேட்க வேண்டியது சிப்ஸும் கலர் பானமும். இத்தாலியின் வெரோனாவில் பருமனான 41 பிள்ளைகளிடம் ஊரடங்கின் மூன்றாவது வாரமே அவை கூடியிருந்தன, சாப்பாட்டு வேளையும் ஒன்று கூடியிருந்தது. காய்கறி அளவு மாறவில்லை. பட்டினி போடாமல் அந்த ஒரு வேளையை வெட்டச் சொல்லுங்க. மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரத்தோடு சேர்த்து அளங்க.